முருகைக்கல்லும் அணுக்கருவின் நிலைபேறும்

நெடுந்தீவிற் காணிகளை வகுக்கும் வேலிகள் பல, முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பப்பெற்றவை. அக்கல் கல்சியம், காபன், ஒட்சிசன் ஆகிய மூலகங்களின் சேர்க்கை. மழைநீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கும், சூளையிலிட்டாற் சுண்ணாம்பாகும். ஆயினும் அதனுள் உறையும் அணுக்கருக்கள் இவற்றால் மாறுவதில்லை. இதற்குக் காரணம் யாது?

அணுக்கருவில் நேர்மின்னேற்றமுடைய புரோத்தன்களும் மின்னேற்றமற்ற நியூத்திரன்களும் உள. புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுவன; அவற்றைப் பிணித்து வைப்பது கருவிசை. அது மிக வலியது. எனினும் அண்டையிலுள்ள துணிக்கையையன்றி அப்பாலுள்ளதை எட்டாது. தள்ளுவிசையோ கரு முழுவதும் பரவும். ஆகவே, கரு பருக்கப் பருக்கத் தள்ளுவிசை மேலோங்க, அதனை ஈடுசெய்ய நியூத்திரன்கள் மிகுதியாக வேண்டப்படும். கல்சியம்-40 இல் இரண்டும் இருபது இருபதாய்ச் சமனாக உள்ளன. அங்ஙனம் சமனாய் நின்று நிலைபெறுவனவாக அறியப்பட்ட கருக்களுள் மிகப் பாரமானது இதுவே.

இருபது என்னும் எண்ணும் தற்செயலானதன்று. கருத்துணிக்கைகள் ஓடுகளாக அமைவன. 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்ணிக்கைகளில் ஓடு நிறைவுறும். இவ்வெண்களுக்குரிய காரணத்தை மரியா கோப்பேட் மேயரும், அவரைச் சாராது யென்சன் என்பாரும் 1949 இல் விளக்கினர். 1963 இல் நோபெற் பரிசிற் பங்கும் பெற்றனர். இவற்றை ‘மாய எண்கள்’ என்பர். மாயம் யாதுமின்மையின் பெயர் பொருத்தமன்று. ஒட்சிசன்-16 இல் எட்டும் எட்டும், கல்சியம்-40 இல் இருபதும் இருபதும், ஈயம்-208 இல் 82 உம் 126 உம் ஆக இருவகைத் துணிக்கையும் நிறைந்துள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1904 இல் இலங்கையிற் கண்டறிந்த தோரியனைற்றுக் கனியத்திலுள்ள தோரியம்-232 உம் படிப்படியாய்த் தேய்ந்து இவ்வீயமாகவே ஓய்கின்றது.

எண் நிறைந்தால் மட்டும் போதாது. காபன்-14 இல் நியூத்திரன் எட்டாயினும் புரோத்தன் ஆறே. விகிதம் பிறழ்ந்தமையால் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாற, அது நைதரசன்-14 ஆகின்றது. உயிருள்ள முருகை கடல்நீரிலிருந்து காபன்-14 ஐச் சிற்றளவிற் பெறும், இறந்தபின் பெறாது. எஞ்சியது ஏறத்தாழ 5,730 ஆண்டுக்கொருமுறை பாதியாகும். அவ்வளவைக் கொண்டு முருகை இறந்த காலத்தைக் கணிக்கலாம். வேலி அடுக்கப்பெற்ற காலத்தையன்று. ஐம்பதினாயிரம் ஆண்டு கடந்த கல்லில் அளக்கத்தக்க காபன்-14 எஞ்சாது. அத்தகைய கல்லுக்கு, முருகை கடலினின்றும் ஏற்ற யுரேனியத்திலிருந்து தோன்றிய தோரியம்-230 ஐ அளந்தே வயது காண்பர்.