சாகச வீரர்களின் இரண்டாம் பெயர்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

வானில் பறந்து மக்களைக் காப்பாற்றும் வீரன், மறுநாள் காலையில் என்ன செய்கிறான் தெரியுமா? மூக்குக்கண்ணாடி அணிந்து வேலைக்குப் போகிறான்! 1938-இல் அமெரிக்காவில் தோன்றிய சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்னும் பத்திரிகை நிருபர். 1962-இல் தோன்றிய ஸ்பைடர்மேன், பீட்டர் பார்க்கர் என்னும் பள்ளி மாணவன். நம் தூர்தர்ஷனில் 1997-இல் வந்த சக்திமானோ, கங்காதர் என்னும் புகைப்படக்காரர்.

இந்த இரண்டாம் பெயர் எதற்கு? முதற்காரணம் பாதுகாப்பு. வீரனை வெல்ல முடியாத பகைவன் அவன் வீட்டாரைத் தாக்குவான். அதற்கு அஞ்சியே பீட்டர், தன்னை வளர்த்த பெரியம்மாவிடமும் உண்மையை மறைத்தான். அடுத்தது, கடமைக்கு உதவி. ஆபத்து எங்கே என்பது நிருபருக்கு முதலில் தெரிந்துவிடும் அல்லவா? மூன்றாவதே மிக முக்கியமானது. சாதாரண மனிதராக வாழ்ந்தால்தான் சாதாரண மக்களின் துன்பம் புரியும்.

சிவகாசி முத்து காமிக்ஸ், 1972-இல் தன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்தது. ஆய்வுக்கூட உதவியாளரான அவர் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெற்றவர். உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும். கை மட்டும் மறையாது.

இரும்புக்கைக்கு முன்பே நம்மிடம் பொற்கை இருந்தது! சிலப்பதிகாரம் கூறும் பொற்கைப் பாண்டியன், இரவில் தன்னை மறைத்துக்கொண்டு நகர்காவல் சுற்றியவன். கணவன் வெளியூர் சென்றிருந்த ஒரு பெண்ணின் வீட்டைக் காத்து வந்தான். ஓர் இரவு உள்ளே ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டினான். திரும்பி வந்திருந்தவன் கணவனே! அப்பெண் மீது ஐயம் எழாதிருக்க, தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுச் சென்றான். மறுநாள் வழக்கு வந்தபோது, குற்றம் செய்த கை இதுவே என்று தன் கையையே வெட்டிக்கொண்டான். பின்னர் பொன்னாற் கை பெற்றான்.

ஆகவே, மறைந்து உழைப்பவர் அதற்கு விலையும் கொடுக்கிறார். கிளார்க்கைக் கோழை என்றார்கள். கங்காதரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியிலும் அத்தகையோர் உண்டு. தொழிற்சாலையில் தொப்பி, முகக்கவசம், கையுறை அணிந்துவிட்டால் யார் யாரென்றே தெரியாது. கைபேசியை வாங்குபவருக்கு அதைப் பூட்டிய பெண்ணின் பெயர் தெரியாது. இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பகலில் சற்றுக் கண்ணயரும் தாயை, விவரம் அறியாதவர் சோம்பேறி என்கிறார்கள். அவருடைய மற்றொரு பெயரை அவர்கள் அறியார்!

அன்புத் தோழியரே! நாம் அறிவோம். ஆகையால் விடுமுறை நாளில் வீட்டு வேலையை நாம் பகிர்ந்துகொள்வோம். உறங்கும் தாயின் கதவைத் தட்டாதிருப்போம்.