கொலம்போ என்றொரு குழம்பு: குவாதலூப் தீவில் ஒரு நாள்

பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் விமானம், அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் எட்டு மணி நேரத்திற்கும் சற்று அதிகமாகப் பறந்து குவாதலூப் தீவில் இறங்குகின்றது. இத்தனை தூரம் பறந்தும் பிரான்சை விட்டு வெளியேறியதாகாது என்பதே இப்பயணத்தின் முதல் விந்தை. கரீபியன் கடலின் விளிம்பில் உள்ள இத்தீவு 1946ஆம் ஆண்டு முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. நாணயம் யூரோ. பாடசாலையும் தபாற்கந்தோரும் பொலிசும் பாரிசில் உள்ளவற்றைப் போன்றவையே. வெயிலும் தென்னையும் உப்புக்காற்றும் மட்டும் எமது ஊரை நினைவூட்டுவன.

எம்மவர் ஒரு விடயத்தைக் கவனத்திற்கொள்ள வேண்டும். குவாதலூப் பிரெஞ்சு மண்ணே எனினும் ஷெங்கன் வலயத்தினுள் அடங்காது. விமான நிலையத்தில் பத்திரங்கள் பரிசோதிக்கப்படும். ஆகவே வதிவிட அனுமதியோடு வாழ்வோரும், குறிப்பாக அகதி விண்ணப்பம் இன்னமும் விசாரணையில் உள்ளோரும், விமானச்சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் தமது பத்திரம் அங்கும் செல்லுபடியாகுமா என உரிய இடத்தில் கேட்டறிந்துகொள்வது நன்று.

வரைபடத்தில் இத்தீவு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்று காணப்படும். மேற்குச் சிறகாகிய பாஸ்தேர் மலையும் காடும் நிறைந்தது. 1467 மீற்றர் உயரமான சூபிரியேர் எரிமலை அதன் தென்பகுதியில் நிற்கின்றது. கிழக்குச் சிறகாகிய கிராந்தேர் தட்டையான சுண்ணாம்புப் பூமி. கரும்பு விளையும் நிலம். இரண்டையும் ஒடுங்கிய கடற்கால்வாய் ஒன்று பிரிக்கின்றது. எரிமலை உள்ள மேடான பகுதிக்குத் ‘தாழ்நிலம்’ என்றும் தட்டையான பகுதிக்குப் ‘பெருநிலம்’ என்றும் பெயர் வழங்குவதைக் கண்டு குழம்ப வேண்டாம். அவை காற்றின் போக்கை வைத்து மாலுமிகள் இட்ட பெயர்கள் என்பர்.

காலையில் செல்லவேண்டிய இடம் புவான்த்-ஆ-பித்ர் நகரின் சந்தை. இரும்புத் தூண்கள் தாங்கிய கூரையின் கீழ் பெண்கள் வரிசையாக அமர்ந்து வனிலா, சாதிக்காய், கறுவா, மஞ்சள் ஆகியவற்றை விற்கின்றனர். பலர் தலையில் கட்டியிருப்பது கட்டம்போட்ட பருத்தித் துணி. அதன் பெயர் ‘மத்ராஸ்’. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டுக் கப்பலேறி வந்த அத்துணி இங்கே பெண்களின் மரபு உடையாகிவிட்டது. அப்பட்டினம் தன் பெயரைச் சென்னை என 1996இல் மாற்றிக்கொண்டபோதும், பழைய பெயர் இத்தீவுப் பெண்களின் தலைக்கட்டில் பத்திரமாக இருக்கின்றது.

அதே சந்தையில் மஞ்சள் நிறத் தூள் ஒன்று பொதி பொதியாக விற்கப்படுகின்றது. பொதியின் மேல் ‘கொலம்போ’ என்று எழுதியிருக்கும். இலங்கையின் கொழும்பு நகரின் பெயர் எங்ஙனம் இங்கு வந்தது என வியப்போர் உண்டு. அவ்வாறே விளக்கம் கூறுவோரும் உளர். எனினும் எமது ‘குழம்பு’ என்ற சொல்லே பிரெஞ்சு நாவில் உருண்டு கொலம்போ ஆயிற்று என்பதே பொருத்தமாகப் படுகின்றது. ஏனெனில் அத்தூளினுள் இருப்பவை மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு.

இக்குழம்பு இங்கு வந்த கதை இன்பமானதன்று. 1848இல் பிரான்சு தனது குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பலர், தம்மை வதைத்த கரும்புத் தோட்டங்களுக்கு மீண்டும் செல்ல விரும்பவில்லை. ஆள் தேடிய தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. 1854 டிசம்பர் 24ஆம் நாள், நத்தாருக்கு முதல் நாள், ‘ஒரேலி’ என்ற கப்பல் முதற்தொகுதி இந்தியத் தொழிலாளரைப் புவான்த்-ஆ-பித்ர் துறையில் இறக்கியது. அன்று தொடங்கி 1889வரை 42,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். தொடக்கத்தில் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து வந்தோரே பெரும்பான்மையினர். பின்னர் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிவில் இலவசமாகத் திரும்பும் உரிமை என்பது எழுத்தில் இருந்தது. ஊர் திரும்பியோர் ஏறக்குறைய 9,500 பேர் மாத்திரமே. பெருந்தொகையினர் ஒப்பந்தம் முடியுமுன்னரே நோயாலும் வேலையாலும் மாண்டனர். (அடிமை முறையின் வரலாற்றைக் காட்டும் பெரிய நினைவகம் ஒன்று, இந்நகரின் பழைய சீனி ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறக்கப்பட்டது. நேரமுள்ளோர் அதற்கென அரைநாள் ஒதுக்குக.)

புவான்த்-ஆ-பித்ரிலிருந்து தெற்கே கப்பெஸ்தேர் நோக்கிச் செல்லும் பாதை வாழைத் தோட்டங்களின் நடுவே ஓடுகின்றது. அரை மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் வண்டி கிடைப்பது அரிது. நால்வராகச் சேர்ந்து கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதே உத்தமம். வாழையும் கரும்பும் மாறி மாறி வரும் வெளியில், பெருவீதியின் ஓரத்திலேயே திடீரென வர்ணம் தீட்டிய தெய்வ உருவங்களோடு ஒரு கோவில் தோன்றும். சாஞ்சி என்ற இடத்திலுள்ள மாரியம்மன் கோவில் அது.

இங்கே மாரியம்மனின் பெயர் ‘மாலியேமன்’. காவல் தெய்வமாகிய மதுரைவீரன் ‘மால்தெவிலன்’. நாகூர் ஆண்டவருக்கும் இம்மக்களின் வழிபாட்டில் கொடிமரமும் பங்கும் உண்டு; காரைக்கால் துறையிலிருந்து கப்பலேறியோர் பக்கத்து ஊராகிய நாகூரை வணங்காமல் கடல் தாண்டியிருப்பார்களா? பூசாரி என்ற சொல் ஏறத்தாழ அப்படியே உள்ளது. வேப்பிலையும் தன் பெயரை இழக்கவில்லை. பறையும் மத்தளமும் கொட்டப்படுகின்றன. வேண்டுதல் நிறைவேறியோர் கிடாய் வெட்டுகின்றனர். பூசாரிமார் ஓதும் தமிழ்ப் பாடல்கள் தலைமுறை தலைமுறையாகச் செவிவழி வந்தவை. பிரெஞ்சு எழுத்துகளிற் கொப்பிகளில் எழுதிவைக்கப்பட்டவை. ஓதுகின்றவருக்கு அவற்றின் பொருள் தெரியாது. கேட்கின்றவருக்கும் தெரியாது. தெய்வத்திற்குத் தெரியும் என்பது நம்பிக்கை.

கோவில் வாசலில் நாம் ஒருவரோடொருவர் தமிழில் உரையாடுவதைக் கேட்ட இளைஞர் ஒருவர் அருகே வந்தார். எமது ஊர்ப்பையன் என்றே எவரும் எண்ணக்கூடிய முகம். பேசியதோ பிரெஞ்சு. தமது குடும்பப் பெயரைத் தமிழில் எழுதித் தர இயலுமா எனக் கேட்டார். பிரெஞ்சுப் பதிவேட்டில் அது ‘விரப்பேன்’ என ஒலிக்கும் பெயர். ‘வீரப்பன்’ எனத் தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் அந்த ஐந்தெழுத்தையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, இதனை இடமிருந்து வலமாகவா வாசிப்பது என வினவினார்.

மொழி எங்ஙனம் போயிற்று என்பதற்குக் காரணங்கள் பல. தோட்டம் தோட்டமாகப் பிரித்து விடப்பட்டனர். வேலைத்தலத்தில் கிரயோல் மொழி இன்றி எதுவும் நடவாது. பாடசாலை பிரெஞ்சில், பூசை மாதா கோவிலில். ‘கூலி’ என்ற ஏச்சுக்கு அஞ்சிய பெற்றோர், பிள்ளைகளாவது வேற்று ஆள் எனத் தெரியாமல் வளரட்டும் என எண்ணினர். இதற்கு அவர்களைக் குறை கூறும் தகுதி, பாரிசிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளோடு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசும் எமக்கு உண்டா என்பது வேறு கேள்வி.

கப்பெஸ்தேர் ஊருக்கு மற்றொரு பெருமை உண்டு. 1863இல் இங்கு இந்தியத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பிரித்தானிய இந்தியாவிலிருந்து வந்தோர் பிரித்தானியப் பிரஜைகள், அவர்களுக்கு இத்தீவிற் பிறந்த பிள்ளைகளும் அந்நியரே என்பது அன்றைய அதிகாரிகளின் வாதம். வரி வாங்குகையில் அந்த வேறுபாடு இருக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் மட்டும் இருந்தது. 1904இல் சிதம்பரம் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மனு, மறுப்பு, மேன்முறையீடு, மீண்டும் மனு. இடையில் முதலாம் உலகப்போரும் வந்து போயிற்று. 1923 ஏப்ரலிலேயே தீவிற் பிறந்த இந்திய வம்சாவழியினர் பிரெஞ்சுக் குடிமக்களே என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள்! விண்ணப்பத்தின் முடிவுக்காகத் தபாற்பெட்டியை நாள்தோறும் திறந்து பார்க்கும் எம்மவருக்கு இதன் பாரம் விளங்கும். சிதம்பரம் 1952வரை வாழ்ந்தார். அதே சமூகத்தில் தோன்றிய எர்னெஸ்ட் முத்துசாமி 1981இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகி இருபத்தோராண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

மதிய போசனம் வீதியோர உணவகம் ஒன்றில். ஆட்டிறைச்சிக் கொலம்போ, வெள்ளைச் சோறு, அவித்த ஈரப்பலாக்காய். குழம்பில் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்ந்திருந்தன. இறைச்சியை முதலில் தேசிக்காய், உள்ளி, தூள் ஆகியவற்றிற் பிரட்டி ஊறவைப்பது வழக்கம். வாசம் எமது சமையலறையின் வாசமே. உறைப்பு மட்டும் இல்லை. மிளகாய் குழம்பினுட் சேர்வதில்லை. குடைமிளகாயைச் சிறிதாக்கினாற் போன்ற, கண்ணில் நீர் வரவழைக்கும் ஓர் இனத்தைத் தனியே கிண்ணத்தில் வைக்கின்றனர். வேண்டியோர் வேண்டிய அளவு. கோவில் வேள்வியில் ஏழைத் தொழிலாளர் ஆக்கிப் பகிர்ந்த இவ்வுணவு, இன்று இனபேதமின்றித் தீவு முழுவதன் விருந்துணவு. பாவற்காயை இங்கே ‘பரோக்கா’ என்பர். அதனை வேண்டாம் என ஒதுக்கும் பிள்ளைகளும் எங்கும் உள்ள பிள்ளைகளைப் போன்றவர்களே.

உண்ட களைப்புத் தீர மலையேறினால் கார்பே நீர்வீழ்ச்சி. மூன்று வீழ்ச்சிகளுள் இரண்டாவதே இலகுவில் அணுகத்தக்கது. தரிப்பிடத்திலிருந்து காட்டுப் பாதையில் அரை மணி நேர நடை. ஈரப் பாசியில் வழுக்கும், செருப்போடு செல்லாதீர். 110 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளை வேட்டி உலர்த்தியது போல் நீர் விழுகின்றது. 1493இல் கொலம்பசின் கப்பல்கள் இக்கரையை அணுகியபோது மாலுமிகள் கடலிலிருந்தே இதனைக் கண்டனராம். முன்னர் வாழ்ந்த கரீப் மக்கள் இத்தீவைக் ‘கருக்கெரா’ என்றனர். அழகிய நீர்களின் தீவு என்று பொருள் கூறுவர்.

அந்த நீருக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடலாகாது. வாழையைத் தாக்கும் வண்டைக் கொல்ல 1972 முதல் குளோர்டெகோன் என்னும் நஞ்சு தோட்டங்களில் இடப்பட்டது. பிரான்சின் பெருநிலத்தில் 1990இல் தடைசெய்யப்பட்ட அது, இத்தீவுகளில் 1993வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. மண்ணிலும் ஆற்றிலும் இன்றும் உள்ளது; வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரின் இரத்தத்திலும் உள்ளது. வாழைத் தோட்டத்தைப் பின்னணியாக வைத்துப் புகைப்படம் எடுக்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கு இதனை எந்தக் கையேடும் முதற்பக்கத்தில் கூறுவதில்லை.

மாலையில் கிழக்குச் சிறகுக்குத் திரும்பி சென்ற்-ஆன் கடற்கரையை அடைந்தோம். பவளப்பார் அலையைத் தடுப்பதால் நீர் குளம்போல் அமைதியாக இருக்கின்றது. சிறு பிள்ளைகளையும் இறக்கலாம். வெளிச்சம் ஆறு மணியளவில் சட்டென மறைந்துவிடும். கரையோரக் கடைகளில் உப்பிட்ட கொட் மீனில் செய்த ‘அக்ரா’ என்னும் வடையும், எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து மீனோ கோழியோ அடைத்த ‘பொக்கிட்’டும் சுடச்சுடக் கிடைக்கும். ஒரு பொக்கிட் வாங்கினால் இருவர் பசியாறலாம். கரும்புச் சாற்றிலிருந்து வடித்த ரம் இங்கே தண்ணீர்போல் ஊற்றப்படும். காரோட்டி வந்தவர் இளநீரோடு நின்றுகொள்க.

செல்ல உகந்த காலம் டிசம்பர் முதல் மே வரை. அதன்பின் நவம்பர் வரை புயற்காலம். திரும்புகையில் சந்தையில் வாங்கிய கொலம்போத் தூள் பொதி இரண்டு எமது பெட்டியில் இருந்தன. வீட்டில் சமைத்துப் பார்த்தபின் கிடைத்த தீர்ப்பு: வாசம் நன்று, மிளகாய்த் தூள் இரண்டு கரண்டி சேர்க்க வேண்டும்.