கோடைக் காட்டில் கயோட்டி வேட்டை

நம் நாட்டு நரிக்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவுடைய விலங்கு ஒன்று வட அமெரிக்காவில் வாழ்கிறது. அதன் பெயர் கயோட்டி. நாய், ஓநாய், நரி ஆகியவற்றைப் போலவே இதுவும் ‘கேனிஸ்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் மொழியிலிருந்து இதன் பெயர் வந்தது.

தொடக்கத்தில் கயோட்டி மேற்கு, நடு அமெரிக்காவின் புல்வெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் வாழ்ந்து வந்தது. கிழக்குப் பகுதியில் குடியேறிய மக்கள் காடுகளைத் திருத்தினர், ஓநாய்களைக் கொன்றொழித்தனர். காலியான அந்த இடத்தை நோக்கிக் கயோட்டி இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல நகர்ந்தது. வழியில் ஓநாயுடனும் நாயுடனும் கலந்தது. அதனால் நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் இன்று காணப்படும் கயோட்டி, மேற்கத்திய கயோட்டியைவிடப் பருமனானது. 15 முதல் 20 கிலோகிராம் வரை எடையுள்ளவை அங்கே சாதாரணம்.

கயோட்டி ஆட்டுக்குட்டிகளையும், மே, ஜூன் மாதங்களில் பிறக்கும் மான் குட்டிகளையும் பிடித்துத் தின்னும். ஆகவே ஆடு வளர்ப்போரும் வேட்டைக்காரர்களும் கோடையிலும் அதைத் தேடிச் செல்கின்றனர். ஆனால் கிழக்குக் காடுகளில் கோடை வேட்டை மிகக் கடினமானது. ஏன்? விடையின் பெரும் பகுதி இயற்பியலில் இருக்கிறது.

இலையும் ஒலியும்

மேற்கத்தியச் சமவெளியில் பல நூறு மீட்டர் தொலைவில் உள்ள விலங்கையும் பார்த்துவிடலாம். கிழக்கிலோ ஓக், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்கள் நிறைந்திருக்கின்றன. குளிர்காலத்தில் அவை மொட்டையாக நிற்கும். கோடையில் இலை அடர்ந்துவிட்டால், பல இடங்களில் நாற்பது ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எனவே விலங்கைத் தேடிச் செல்வதைவிட, அதைத் தன்னிடம் வரவழைப்பதே வேட்டைக்காரனுக்கு வழி. அடிபட்ட முயலின் கீச்சொலி, கயோட்டிக் குட்டியின் அழுகை, பெரிய கயோட்டியின் ஊளை ஆகியவற்றை ஊதுகுழலாலோ ஒலிபெருக்கியாலோ அவன் எழுப்புகிறான்.

இந்த ஒலிகள் எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு மீட்டர் தொலைவில் ஒலியின் அளவு 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஆகவே திறந்த வெளியில் 100 மீட்டரில் 60 டெசிபலும், 200 மீட்டரில் 54 டெசிபலும் இருக்கும். காட்டில் இதற்கு மேலும் இழப்பு உண்டு. அந்த இழப்பு எல்லா ஒலிக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

20 டிகிரி செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதிர்வெண் 6000 ஹெர்ட்ஸ் கொண்ட கீச்சொலியின் அலைநீளம் 343 ÷ 6000, அதாவது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். 600 ஹெர்ட்ஸ் ஊளையின் அலைநீளமோ 57 சென்டிமீட்டர். மேப்பிள் இலையின் அகலம் பத்து, பதினைந்து சென்டிமீட்டர். தன் அலைநீளத்தைவிடச் சிறிய தடையை அலை எளிதில் சுற்றிக் கடந்துவிடும். அலைநீளத்தை ஒத்த அல்லது அதைவிடப் பெரிய தடையில் மோதினால் சிதறிப்போகும். ஆதலால் கோடைக் காட்டில் முயலின் கீச்சொலி விரைவில் தேய்ந்துபோகிறது; ஊளை நெடுந்தூரம் செல்கிறது. தொலைவில் உள்ள கயோட்டிக்கு ஊளையும், அருகில் உள்ளதற்குக் கீச்சொலியும் பயன்படுவதன் காரணம் இதுவே.

பகலும் அந்தியும்

வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. வெயில் காயும் புல்வெளியில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும், மேலே உள்ள காற்று குளிர்ந்தும் இருக்கும். எனவே ஒலி அலையின் அடிப்பகுதி வேகமாகவும் மேற்பகுதி மெதுவாகவும் செல்லும். அலை வானை நோக்கி வளைந்துவிடும். சற்றுத் தொலைவில் தரையில் நிற்கும் விலங்கின் காதுக்கு அது எட்டாது.

அந்தி சாய்ந்ததும் நிலைமை மாறுகிறது. தரை விரைவில் குளிர்கிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. ஒலி இப்போது தரையை நோக்கி வளைகிறது. இரவில் தொலைதூரத்து ரயிலின் ஓசை நமக்குத் தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். காட்டோர வயல்களில் வேட்டைக்காரர்கள் அந்தியையும் விடியலையும் தேர்ந்தெடுப்பதற்கு, கயோட்டி அப்போது நடமாடுகிறது என்பது மட்டும் காரணமன்று. ஒலியும் அப்போது அவர்களுக்கு உதவுகிறது.

காற்றில் வரும் செய்தி

கயோட்டி காதை நம்பி வரும். ஆனால் மூக்கைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். அழைப்பொலி வந்த இடத்துக்கு அது நேராக வருவதில்லை. பெரும்பாலும் காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். மனித வாடை பட்டால் ஓசையின்றி மறைந்துவிடும்.

அப்பலாச்சிய மலைச் சரிவுகளில் காற்றுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. காலை வெயிலில் சரிவு சூடேறியதும் காற்று மேல்நோக்கி ஏறும். மாலையில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே காலையில் வெயில் ஏறிய பின் சரிவின் மேலேயும், மாலையில் கீழேயும் அமர்வது வழக்கம். அப்போது அவன் வாடை கயோட்டி இருக்கும் பக்கம் போகாது. இருவர் சேர்ந்து சென்றால், ஒருவர் காற்று செல்லும் பக்கத்தைக் கண்காணிப்பார்.

இருளில் பார்ப்பது

இரவு வேட்டையைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. கயோட்டியின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. விளக்கொளி பட்டதும் கண்கள் மின்னுவது அதனால்தான். நாய் இனத்தின் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. செந்நிற ஒளியை அவை நன்கு உணர்வதில்லை. எனவே சிவப்பு விளக்குகளைப் பயன்படுத்துகின்றனர்.

விளக்கே இல்லாமல், உடலின் வெப்பக் கதிர்களைக் கொண்டு படம் காட்டும் கருவிகளும் இன்று உள்ளன. 300 கெல்வின் வெப்பநிலையில் உள்ள பொருள் மிகுதியாக வெளியிடும் கதிரின் அலைநீளம் ஏறக்குறைய 10 மைக்ரான். சாதாரணக் கண்ணாடி இதைத் தடுத்துவிடும். ஆதலால் இக்கருவிகளின் வில்லைகளை ஜெர்மானியத்தால் செய்கின்றனர்.

ஆனால் கோடையில் இக்கருவியும் திணறுகிறது. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று நீங்கள் படிப்பீர்கள். குளிர்காலத்தில் பனித்தரை 263 கெல்வின், கயோட்டியின் மேல்மயிர் 278 கெல்வின் என்று கொண்டால், விலங்கின் கதிர்வீச்சு ஏறக்குறைய 25 விழுக்காடு அதிகம். கோடை இரவில் தரை 299, மயிர் 303 என்றால் வேறுபாடு 5 விழுக்காடுதான். பகலில் வெயில் குடித்த பாறைகளும் ஒளிரும். மேலும் பச்சை இலை இக்கதிர்களைத் தடுத்துவிடுகிறது.

குண்டும் இலையும்

வேட்டையில் பயன்படும் சிறு துப்பாக்கிக் குண்டு, ஒலியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் புறப்படக்கூடியது. இலக்கைத் தவறவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் செல்லும். ஒரு சிறு கிளையில் பட்டாலும் திசை மாறும். இலைத்திரைக்குப் பின்னால் இருப்பது கயோட்டியா, வளர்ப்பு நாயா, மனிதனா என்று உறுதியாகத் தெரியாமல் சுடக்கூடாது என்பது முதல் விதி. இதனால் அடர்ந்த காட்டில், குறைந்த தொலைவே செல்லும் சிதறுகுண்டுத் துப்பாக்கியைப் பலர் விரும்புகின்றனர்.

கோடையில் ஒரு கேள்வி

கயோட்டி சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் இணைசேர்கிறது. ஏறக்குறைய 63 நாளில் குட்டிகள் பிறக்கின்றன. தாயும் தந்தையும் சேர்ந்தே அவற்றுக்கு உணவூட்டுகின்றன. கோடையில் குட்டியின் அழுகையைக் கேட்டுப் பெற்றோர் துணிந்து ஓடி வருவதும் இதனால்தான். அவை வீழ்ந்தால் வளையில் உள்ள குட்டிகள் பட்டினியால் மடியும். நியூயார்க் மாநிலம் அக்டோபர் முதல் மார்ச் இறுதி வரை மட்டுமே இவ்வேட்டையை அனுமதிக்கிறது. பென்சில்வேனியாவில் ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. அடுத்தடுத்த இரு மாநிலங்களே இதில் ஒத்துப்போகவில்லை!

சரி, சுடுவதால் கயோட்டிகள் குறைகின்றனவா? 1975-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கானலி, லாங்ஹர்ஸ்ட் ஆகியோர் கணிப்பொறியில் ஒரு மாதிரியை உருவாக்கிப் பார்த்தனர். ஆண்டுதோறும் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கொன்றால் மட்டுமே, அதுவும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரே, அவை ஒழியும் என்று அது காட்டியது. அதற்குக் குறைவாகக் கொன்றால், எஞ்சியவற்றுக்கு உணவு கூடுகிறது. பிறக்கும் குட்டிகளில் பிழைப்பவை மிகுகின்றன. வெளியிலிருந்தும் இளம் கயோட்டிகள் வந்து காலியிடத்தை நிரப்புகின்றன.

ஆகவே ஆட்டுக்குட்டியைத் தின்னும் ஒரு குறிப்பிட்ட கயோட்டியை அகற்றினால் அந்தப் பட்டிக்கு அப்போதைக்கு நன்மை உண்டு. நல்ல வேலியும் காவல் நாயும் இருந்தால் நன்மை நீடிக்கும். காடு முழுவதும் சுட்டுத் திரிவதால் அந்த ஆட்டுக்குட்டிக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடாது.

மாணவர்களே, இன்று அந்தி நேரத்தில் வீட்டு மாடியில் நின்று கேளுங்கள். நண்பகலில் கேட்காத எந்தெந்தத் தொலைதூர ஓசைகள் இப்போது கேட்கின்றன? அவற்றில் தாழ்ந்த ஒலிகள் எத்தனை, கீச்சொலிகள் எத்தனை? காற்று வீசும் திசையையும் சேர்த்து ஒரு வாரம் குறித்து வாருங்கள்.