ஐதரசன் தண்ணீர் மூளையைக் காக்குமா?



வாப்பாவுக்கோ மாமிக்கோ பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும் வீட்டுக்கு வருவோர் சொல்லும் வைத்தியங்களுக்குக் கணக்கிருக்காது. அந்த வரிசையில் இப்போது ஐதரசன் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. போத்தலாகவும் விற்கிறார்கள், மெஷினாகவும் விற்கிறார்கள். காசை எடுக்கும் முன் விஷயத்தைக் கேளுங்கள்.

இது வெறும் கட்டுக்கதையல்ல. 2007இல் ஜப்பானின் நிப்பொன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஷிகெயோ ஓட்டாவின் குழுவினர், எலிகளின் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்துப் பின்னர் திறந்துவிட்டார்கள். நின்ற இரத்தம் மீண்டும் பாயும்போதும் மூளைக்குச் சேதம் உண்டு. அப்போது ஐதரொட்சைல் என்னும் மூலிகம் உருவாகி, தொட்டதையெல்லாம் அரிக்கிறது. சுவாசத்தில் சிறிதளவு ஐதரசன் வாயு கலந்து கொடுத்த எலிகளுக்குச் சேதம் குறைந்தது. ஐதரசன் மிகச் சிறிய மூலக்கூறு. மூளைக் கலத்துக்குள் இலகுவாக நுழைந்து, உடலுக்குத் தேவையான மற்றவற்றை விட்டுவிட்டு இந்தப் பொல்லாததை மட்டும் பிடிக்கிறது என்றார்கள்.

மனிதரில்? 2013இல் பார்க்கின்சன் நோயாளர் சிலர் நாளுக்கு ஒரு லீற்றர் ஐதரசன் தண்ணீர் குடித்தார்கள். 48 வாரங்களில் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆனால் 178 பேரை 72 வாரங்கள் வைத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், வெறும் தண்ணீர் குடித்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. விற்பவர் முதல் ஆய்வைச் சொன்னால், இரண்டாவதை நீங்கள் கேளுங்கள்.

வாயுவின் கதை வேறு. இதயம் நின்று, மீட்கப்பட்டும் மயக்கம் தெளியாத 73 பேரைப் பற்றி ஜப்பானில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. 2 வீத ஐதரசனை 18 மணி நேரம் சுவாசித்தவர்களில் 90 நாட்களுக்குப் பிறகு 85 வீதமானோர் உயிரோடிருந்தார்கள். மற்றவர்களில் 61 வீதம். கொவிட் காரணமாக ஆய்வு இடையில் நின்றது, பிரதான கேள்விக்கு உறுதியான விடையும் கிடைக்கவில்லை. ஆயினும் நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இது ஆஸ்பத்திரியில் மெஷின் மூலம் கொடுத்த வாயு. ஒரு லீற்றர் தண்ணீரில் கரைவதோ சுமார் 1.6 மில்லிகிராம், மூடியைத் திறந்தால் அதுவும் பறந்துவிடும்.

இன்னொன்று: பருப்பு, கடலை, கீரை இவற்றில் செரிக்காமல் எஞ்சும் நாரிலிருந்து நம் குடலில் வாழும் பற்றீரியாக்களே ஐதரசனை உண்டாக்குகின்றன. நோன்பு திறந்து கடலை சாப்பிட்ட பின் வயிறு ஊதுகிறதே, அதில் ஐதரசனும் உண்டு!

பிரஷர் மாத்திரையையும் சீனி மாத்திரையையும் நிறுத்திவிட்டு இந்தத் தண்ணீரை நம்புவதுதான் ஆபத்து. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குளறினால், உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அடைப்பால் வந்த பாரிசவாதமென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஸம்ஸம் தண்ணீரேயானாலும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.