பெட்டிக்குள் என்ன நடக்கிறது? – 9: லோகோவோடு நின்றுபோன சிஸ்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற பையன்களும், கவரைப்பேட்டை பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகளும் கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் மின்சார ரயில் ஏறிவிடுகிறார்கள். சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் பிராசசர் ஒரு கடை, மதர்போர்டு ஒரு கடை, கேபினட் இன்னொரு கடை என்று விலை விசாரித்து வாங்கி வந்து, வீடியோ பார்த்துத் தாங்களே பூட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான். சிக்கல், பட்டனை அழுத்திய பிறகு ஆரம்பிக்கிறது.

“டிஸ்பிளே வரல.” “லோகோவிலேயே நிக்குது.” “சுத்திக்கிட்டே இருக்கு, உள்ளே போகல.” இந்த மூன்றையும் “சிஸ்டம் ஆன் ஆகல” என்று ஒரே வார்த்தையில் கடைக்காரரிடம் சொன்னால், “போர்டு போயிருக்கும் தம்பி” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கே நின்றது என்று நாம்தான் சொல்லவில்லையே.

பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தி, “மின்சாரம் தயார்” என்று போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அதன் பிறகுதான் பிராசசர் விழிக்கும். பயாஸ் வரிசையாகப் பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் என்று சோதித்துக்கொண்டே போகும். 1981-இல் ஐபிஎம் பீசி வந்த நாளிலிருந்து இந்தச் சோதனை இருக்கிறது. அன்றைக்கு எல்லாம் சரி என்பதற்கு ஒரு ‘பீப்’. இன்றைய போர்டுகள் பலவற்றில் ஓரமாக நான்கு குட்டி விளக்குகள்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் வண்டி நிற்கிறது. கேபினட்டின் கண்ணாடியைக் கழற்றி அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

டிராம் விளக்கு எரிந்தால் முதல் வேலை, சும்மா இருப்பது. டிடிஆர்5 ராம் போட்ட புது சிஸ்டம் முதல் தடவை ஆன் ஆகும்போது, ராமோடு எந்த வேகத்தில், எந்த நேர அளவில் பேசுவது என்று போர்டு தானே பழகிப் பார்க்கும். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்புதான். சில நிமிடங்கள் ஆகும். ராம் அளவு அதிகம் என்றால் பத்து நிமிடத்தைத் தாண்டுவதும் உண்டு. பொறுமை இழந்து சுவிட்சை அணைத்தால், அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கும். பயாஸை ரீசெட் செய்தாலும் இதே கதைதான். நல்ல போர்டைக் கெட்டது என்று திருப்பிக் கொடுக்க எடுத்துப் போகிறவர்களில் ஒரு பங்கு இந்த அவசரக்காரர்கள் என்பது என் எண்ணம்.

காத்திருந்தும் வரவில்லையா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரே ஒரு ராமை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் ஒற்றை ராமுக்கு உரியது. ‘கிளிக்’ சத்தம் கேட்கிற வரை அழுத்த வேண்டும். கழற்றி மாட்டினாலே சிஸ்டம் உயிர் பெறுவது மந்திரம் இல்லை. அந்த உரசலில் ராமின் பொன்முலாம் பூசிய விளிம்பும் ஸ்லாட்டின் உலோகப் பற்களும் துடைபடுகின்றன. பழவேற்காட்டு உப்புக்காற்றும் ஜிஎன்டி சாலைப் புழுதியும் சேர்கிற வீடுகளில் இந்தத் துடைப்பு அடிக்கடி தேவைப்படும். உருட்டாலைகள் பக்கத்தில் குடியிருந்தால் புழுதியில் இரும்புத்தூளும் கலந்திருக்கும். அது மின்சாரம் கடத்தும். துணியால் தேய்க்காமல், மெல்லிய பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் விளிம்பைத் துடையுங்கள்.

சிபியு விளக்கு என்றால் மேலே இருக்கிற 8 பின் ஒயரைப் பாருங்கள். 24 பின் ஒயரை மட்டும் மாட்டிவிட்டு இதை மறப்பது வழக்கமான தவறு. ஃபேன் சுற்றும், வேறொன்றும் நடக்காது. பிராசசர் புதுசாகவும் போர்டு பழைய சரக்காகவும் இருந்தால், அந்தப் பிராசசரை அடையாளம் காண பயாஸை அப்டேட் செய்ய வேண்டியிருக்கும். விஜிஏ விளக்குக்கு இன்னும் எளிய காரணங்கள். பெயர் எஃப் என்று முடிகிற இன்டெல் பிராசசரில் கிராபிக்ஸ் கிடையாது. அதை வைத்துக்கொண்டு மானிட்டர் கேபிளை போர்டில் செருகினால் ஒன்றும் தெரியாது.

பிராசசரே கெட்டுப்போவது அபூர்வம். விதிவிலக்கு இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில. அதிக வோல்டேஜ் கேட்டு மெல்ல மெல்லக் கெடுவதாக 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது.

லோகோ வரை வந்துவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பென் டிரைவ், பிரின்டர், கார்டு ரீடர், பழைய ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘டெலிட்’ தட்டிப் பாருங்கள். பயாஸுக்குள் போக முடிந்தால் போர்டு, பிராசசர், ராம், கிராபிக்ஸ் நான்கும் அநேகமாக நலம். பிடுங்கியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் குற்றவாளி தானாகத் தெரிவான். புள்ளிகள் சுற்றுகிற கட்டம் விண்டோஸ், எஸ்எஸ்டி சம்பந்தப்பட்டது. அதற்காக போர்டு மாற்றச் சொன்னால் கடையை மாற்றுங்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இந்த ஊருக்கென்று தனியாக ஒன்று உண்டு: மின்சாரம். சிப்காட்டில் இண்டக்ஷன் உலை வைத்து இரும்பு உருக்குகிற ஆலைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட உலை ஏறி இறங்கும்போது, அதே துணை மின்நிலையத்தை நம்பியிருக்கிற வீட்டு லைனில் விளக்கு மினுக்கலாம். உயரழுத்த இணைப்புக்கு உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதச் சலுகை என்பதால் இரவில் உலையை ஓட்டுவதுதான் ஆலைக்கு லாபம். நம் மின்சாரம் 50 சைக்கிள். ஒரு சைக்கிளுக்கு 20 மில்லிவிநாடி. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே முழுச் சுமையில் சுமார் 16, 17 மில்லிவிநாடி வெட்டைத்தான் தாங்கும். ஒரு சைக்கிள் முழுசாக விழுந்தால் “தயார்” சிக்னல் போய்விடும். சிஸ்டம் ரீசெட் ஆகும். கேபினட்டோடு இலவசம் மாதிரி வருகிற எஸ்எம்பிஎஸ் அதற்கும் முன்பே கைவிட்டுவிடும். காலையில் முதல் தடவை நின்று, இரண்டாவது தடவை அழுத்தினால் ஓடுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்கிறதா? வாடகை வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் ஒயர் மட்டும் இருக்காது. அப்போது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட்டில் மெயின் வோல்டேஜில் ஏறக்குறைய பாதி நிற்கும். அந்தக் கசிவு எச்டிஎம்ஐ கேபிளிலும் யூஎஸ்பியிலும் புகுந்து, போர்டுக்கும் மானிட்டருக்கும் தொல்லை கொடுக்கும். எர்த் குழி இருந்தாலும் சித்திரை வெயிலில் காய்ந்துபோகும்; தண்ணீர் ஊற்றுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் சரி. ஸ்டெபிலைசர் வாங்க ஓட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 வோல்ட் என்றிருந்தால் ஏற்ற இறக்கத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் சைன்வேவ் யூபிஎஸ் வாங்கலாம்.

இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை, ரிச்சி தெருவுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், எரிகிற விளக்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் நிற்கிறது என்று நாலைந்து நாள் குறித்து வையுங்கள். பில்லையும் பெட்டியையும் கொண்டுபோங்கள், ராமின் மேலிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். ராமுக்குப் பல நிறுவனங்கள் பல ஆண்டு வாரண்டி தருகின்றன. ஸ்டிக்கர் போனால் அதுவும் போய்விடும்.

(அடுத்த வாரம்: எஸ்எஸ்டி சாவதற்கு முன் காட்டும் அறிகுறிகள்)