எம்.சி.ஆர். செருப்பு

எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்கென்று செய்யப்படும் காலணி. மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்ற நுண்ணறை ரப்பரின் பெயர்ச் சுருக்கம்தான் எம்.சி.ஆர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளின் ஷூக்கள் கப்பலேறி உலகெங்கும் போகின்றன. அதே தோல் தொழில் வட்டாரத்தில், காட்பாடியை அடுத்த கரிகிரியில், 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இந்தச் செருப்பை வளர்த்தெடுத்ததில் முன்னின்றன.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கும். கணுக்காலின் உட்புறமாக இறங்கும் நரம்பு பழுதானால் உள்ளங்கால் மரத்துப்போகும். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை ஒழித்துவிடுகிறது. ஆனால் நெடுநாள் பழுதுபட்டுவிட்ட நரம்பு மீள்வது அரிது. நோய் முற்றிலும் குணமானவரும் மரத்த பாதத்தோடுதான் மிச்ச வாழ்நாளை நடந்து கழிக்க வேண்டியிருக்கிறது.

தொழுநோய் வந்தால் சதை தானே அழுகி விரல்கள் உதிரும் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் அந்த நம்பிக்கையைத் தகர்த்தார்கள். காலில் முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாததால் வரும் காயங்களே பாதத்தைச் சிதைக்கின்றன என்று காட்டினார்கள். இவற்றைவிடக் கண்ணுக்குப் புலப்படாத காரணம் ஒன்றும் உண்டு: வெறும் நடை. நெடுந்தூரம் நடப்பவருக்குப் பெருவிரலின் அடிமூட்டு லேசாக வலிக்கத் தொடங்கியதும், அவர் அறியாமலேயே பாரம் வேறு பக்கம் மாறிவிடும். மரத்த பாதம் அப்படி மாற்றிக்கொள்வதில்லை. அதே எலும்பு முனை அதே சதையை ஆயிரக்கணக்கான முறை நசுக்குகிறது. தோலுக்கு அடியில் சதை கன்றி வீங்குகிறது. மறுநாளும் அதன்மேலேயே நடப்பதால் புண் வெடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் சீழ் எலும்புவரை இறங்கும்.

ஆகவே, வலி செய்துவந்த வேலையில் ஒரு பங்கைச் செருப்பு ஏற்க வேண்டும். பாரம் ஒரு முனையில் குவியாமல் பாதம் முழுதும் பரவ வேண்டும். நுண்ணறை ரப்பர் இதற்கு ஏற்றது. ரப்பர் கலவையில் வாயு உண்டாக்கும் வேதிப்பொருளைச் சேர்த்து, அச்சில் சூடேற்றி அழுத்தினால், உள்ளே ஒன்றோடொன்று தொடர்பில்லாத சிறு காற்றறைகள் உருவாகின்றன. அறைகள் மூடியிருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. காற்றும் எளிதில் வெளியேறாது. இந்தச் செருப்புக்கு வேண்டிய கடினம் ஷோர் அளவையில் 15. ஹவாய் செருப்பு இதைவிடக் கடினம். கருவி இல்லாத இடத்தில் விரலே அளவுகோல்: கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ரப்பர் தாள் ஏறக்குறைய பாதியாக அமுங்கி, விட்டதும் பழையபடி எழ வேண்டும்.

செருப்புத் தைப்பவர் முதலில் அணிபவரைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தின் ஓரத்தை வரைகிறார். பழைய புண்ணின் தழும்பு இருக்குமிடத்தையும் குறித்துக்கொள்கிறார். அந்த அளவுக்கு எம்.சி.ஆர். தாளை வெட்டி, கீழே முள்ளும் கண்ணாடித் துண்டும் துளைக்காத கெட்டி ரப்பரை சொல்யூஷன் போட்டு ஒட்டுகிறார். பழைய டயரும் அடிப்பாகமாவது உண்டு. ஆணி மட்டும் கூடவே கூடாது. தேய்மானத்தில் ஓர் ஆணி மேலே கிளம்பினால் அணிந்தவருக்குத் தெரியாது. மேலே அகலமான மெத்தென்ற தோல் வார்கள் வருகின்றன. விரலிடுக்கில் வார் வைப்பதில்லை. மடங்கிய விரல்களால் அதைப் பற்றவும் முடியாது, உரசினால் புண்ணும் வரும். குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம். அது இல்லாவிட்டால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல் வெறுங்காலோடு நடந்துபோவார்.

இத்தனை கவனத்தோடு செய்தும் நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. ஒரே வடிவம், ஒரே கறுப்பு நிறம். அந்தச் செருப்பே தெருவில் நோயைச் சொல்லிவிடும் என்று அஞ்சிப் பலர் போடாமல் விட்டார்கள். போடாத செருப்பால் யாருக்கும் பயனில்லை. கடையில் விற்கும் சாண்டலைப் போன்ற தோற்றத்தில், பல நிறங்களில் செய்வது அலங்காரம் அன்று, அதுவும் சிகிச்சையே.

கல்லூரிக்குப் போகும் இளைஞருக்குச் செருப்பின் தோற்றமும் நடையில் கவனமும் இன்னும் முக்கியம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் மாற்றுத்திறனாளிகளாக ஏற்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், சட்டம் வகுத்த அளவுக்குக் குறைபாடு உடையவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கவும் சொல்கிறது. இடம் கிடைத்தபின் விடுதி, வகுப்பு, ஆய்வகம் என்று நாள் முழுதும் நடை. நேரமாகிவிட்டதென்று எட்டிப்போட்டு நடந்தால் முன்பாதத்தில் அழுத்தம் கூடும். சிறு அடிகளாக மெதுவாக நடப்பதே பாதுகாப்பு. அடுத்தடுத்த வகுப்புகளை ஒரே கட்டடத்தில் வைப்பது செலவில்லாமல் ஒரு கல்லூரி செய்யக்கூடிய உதவி.

நீரிழிவிலும் பாதம் இப்படியே மரத்துப்போகிறது. பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், தொழுநோயில் கற்ற பாடங்கள் நீரிழிவுப் பாதத்தின் மருத்துவத்துக்கும் போய்ச் சேர்ந்தன. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் நீரிழிவு நோயாளிகளுக்கான காலணிகளில் ஆய்வு செய்துள்ளது.

புதுச் செருப்பை முதலில் சிறிது நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் சிவப்போ சூடோ தெரிகிறதா என்று பாதத்தைப் பார்க்க வேண்டும். கண்பார்வை குறைந்தவருக்கு வீட்டில் இன்னொருவர் பார்த்துச் சொல்லலாம். நாளடைவில் ரப்பரின் காற்றறைகள் நசுங்கித் தாள் தட்டையாகிவிடும். மேல் தோல் புதிது போல இருந்தாலும் அப்போது செருப்பை மாற்றியாக வேண்டும்.