கல்லூரிப் பண்ணையும் மாட்டுத் தீனும்

கல்லூரி மாணவர் தாமே நடத்தும் பண்ணையிற் பயிர் இரண்டொரு நாட் பொறுக்கும், மாடு பொறாது. மாணவர் வீடு செல்லும் விடுமுறையிலும் அதற்குத் தீன் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்துவிடுகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை புற்றரை காய்ந்து கிடக்கும். ஆதலின் மாரியில் விளைந்த பசுந்தீனைக் கோடைக்குச் சேமிக்கும் வழியைத் தேடிய பின்னரே மாடு வாங்குதல் முறையாகும்.

அமெரிக்காவில் 1917இல் நிறுவப்பெற்ற டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரியில் மாணவரே பண்ணை வேலை செய்கின்றனர். கலிபோர்னியாவின் வறண்ட பள்ளத்தாக்கொன்றில் அஃது அமைந்திருத்தலின், குதிரைமசாலை அறுத்து வெயிலில் உலர்த்தி வைத்தல் அவர்க்கு எளிது. நம் மாரிப்பயிர் முற்றும் தை மாதத்திலோ பனியும் தூறலும் விடா; உலர்த்த முயன்றாற் பூஞ்சணம் பிடிக்கும். பசுந்தீனைக் காற்றுப் புகாது மூடிப் புளிக்கவைத்தலே நமக்கு ஏற்றது.

இதற்குச் சோளம் மிக நன்று. ஐப்பசி மழையோடு விதைத்து, வரிசைகளுக்கிடையே கௌப்பி இடலாம். அதன் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும். தழையிற் புரதமும் உண்டு. மணிகள் பாற்பருவங் கடந்து மாப்போல் இறுகும்போது முழுப்பயிரையும் வெட்டல் வேண்டும். முந்தினால் நீர் மிகுந்து அழுகும். பிந்தினால் தண்டு விறைத்து, எத்துணை மிதித்தாலும் இடையிற் காற்றுத் தங்கும். ஓரங்குலத் துண்டுகளாய் நறுக்கிப் படைபடையாக மிதித்து மூடினால், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பயிரின் வெல்லத்தை இலற்றிக் அமிலமாக்கும். அவ்வமிலமே தீனைக் கெடாது காப்பது. ஆறு வாரத்தின் பின் திறக்கலாம். திறவாவிடின் ஆவணி வரையும் இருக்கும்.

குழி தோண்டிப் புதைக்குமாறு நூல்கள் கூறும். வலிகாமத்தில் மண்ணின் கீழே சுண்ணக்கல். தோண்டுவோர் கை கொப்புளித்ததுதான் மிச்சமாகும். அன்றியும், கசியும் புளித்த நீர் கல்வெடிப்பினூடே கிணற்றுக்கு இறங்கும். மூடியுள்ள 200 லீற்றர்ப் பிளாத்திக்குப் பீப்பாய்களே போதும். நன்கு மிதித்தால் ஒன்று 100 கிலோ அளவு கொள்ளும். ஒரு பசுவின் ஒரு மாதத் தீனில் ஏறக்குறையப் பாதி 4 பீப்பாய்களில் அடங்கும். மற்றப் பாதிக்கு வைக்கோலும் பூவரசங்குழையும் கிழித்த பனையோலையும் உள.

வறட்சி தாங்கும் இறுங்கையும் விதைக்கலாம். ஆயினும் அதன் இளம்பயிரிலும், அறுத்த கட்டையில் மழைக்குப்பின் தளிர்க்கும் குருத்திலும் ஐதரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சு பிறக்கும். சிறிது மேய்ந்தாலும் மாடு மாளலாம். விடுமுறைக்குப் பண்ணையைப் பிறர் கையில் ஒப்படைக்கும் மாணவன் இதனைக் கொட்டில் வாயிலில் எழுதி வைத்துச் செல்க.